மகளின் கல்லூரிக் கடிதத்தை யாரிடம் கேட்பது?

எங்கள் பக்கத்தில் சிபாரிசு என்றால் பெரிய ஆள் ஒருவரின் கையெழுத்து என்றுதான் பொருள். ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்க, வங்கியில் கடன் நகர, எதுவானாலும் "அங்க யாரையாவது தெரியுமா?" என்பதுதான் முதல் கேள்வி. அதனால் மகள் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறாள், அதற்குச் சிபாரிசுக் கடிதங்கள் வேண்டும் என்றதும், வீட்டில் ஆளுக்கொரு பெரிய மனிதர் பெயரைச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் ஒரு கட்சிக்காரரைச் சொன்னார். ராமநாதபுரத்தில் இருக்கிற என் அண்ணன் ஓர் அதிகாரியைச் சொன்னார். மாமியார் எங்கள் தேவாலயத்துப் பங்குச்சாமியாரைச் சொன்னார். எனக்கும் அப்போது அதுதான் சரி என்று பட்டது.

நாங்கள் பாம்பனில் இருக்கிறோம். வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். மாமியார் கடல்பாசி எடுக்கப் போகிறவர். நான் மீன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்தாள். வெளிநாட்டு மாணவர்களின் வசதியைப் பார்க்காமல் இடம் கொடுத்து, குடும்பத்தால் முடியாத தொகை முழுவதையும் கல்லூரியே ஏற்றுக்கொள்கிற வழக்கம் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்களில் உண்டு. வேறு சில கல்லூரிகளும் வெளிநாட்டுப் பிள்ளைகள் கொஞ்சம் பேருக்கு முழு உதவி தருகின்றன. அந்த ஒரு வழியை நம்பித்தான் முயற்சி செய்தோம். போட்டி எவ்வளவு கடுமை என்று தெரிந்தேதான் இறங்கினோம்.

நம் ஊர்ப் பெற்றோருக்கு இந்தக் கடிதம் பிடிபடாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே இன்ஜினியரிங் என்றால் 200-க்குக் கட் ஆஃப். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. டாக்டருக்கு நீட். இந்தப் பிள்ளை எப்படிப்பட்டவள் என்று எந்தக் கட்டத்திலும் யாரும் யாரையும் கேட்பதில்லை. பள்ளியில் தருவது டி.சி.யும் நன்னடத்தைச் சான்றிதழும்தான். அதில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வரி. அப்படிப் பழகிவிட்டு, திடீரென்று "உங்களைப் பற்றி ஒருவர் எழுத வேண்டும்" என்றால் நமக்கு லெட்டர்பேடு ஞாபகம்தான் வரும்.

நாங்கள் முதலில் போனது ஒரு பெரிய மனிதரிடம். மூன்று வாரம் அலைந்தோம். நான்கு முறை ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன், நான்கு நாளும் சம்பளம் போனது. கடைசியில் கடிதம் கிடைத்தது. கெட்டியான தாள், மேலே முத்திரை, கீழே பச்சை மையில் கையெழுத்து. உள்ளே நான்கு வரி. "இவரை எனக்கு நேரில் தெரியும். ஒழுக்கமும் திறமையும் உடையவர். இவருடைய முயற்சிகள் யாவும் வெற்றி பெற வாழ்த்துகிறேன்." ஆங்கிலத்தில் எழுதியிருந்த அந்தக் கடிதத்தில் ஓர் இடத்தில் அவளை ஆண்பிள்ளையாகக் குறிப்பிட்டிருந்தது.

மகள் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அம்மா, அவருக்கு என்னைத் தெரியாதுல்ல? தெரியும்னு எழுதியிருக்காரு. இதை நான் எப்படிம்மா அனுப்புறது?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அன்று ராத்திரிதான் ஆசிரியர்கள் நிரப்ப வேண்டிய படிவத்தில் என்ன கேட்கிறார்கள் என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். இந்த மாணவியை எவ்வளவு காலமாக, எந்த வகையில் தெரியும்? இவரைப் பற்றி நினைத்ததும் முதலில் மனதில் வரும் சொற்கள் எவை? படிக்கப் படிக்க எனக்கு ஒன்று புரிந்தது. இவர்கள் கேட்பது நாம் சொல்கிற சிபாரிசே இல்லை. இது சாட்சி. கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறுகிறவரிடம் நீ எவ்வளவு பெரிய ஆள் என்று கேட்க மாட்டார்கள். சம்பவம் நடந்தபோது நீ அங்கே இருந்தாயா என்றுதான் கேட்பார்கள். என் மகள் படிக்கும்போது, தடுமாறும்போது, மறுபடி எழுந்து நிற்கும்போது பக்கத்தில் இருந்தவர் யார்? அப்படித் தேட ஆரம்பித்ததும் பட்டியல் அடியோடு மாறிவிட்டது.

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கல்லூரிகள் காமன் ஆப் என்ற ஒரே இணையதளம் வழியாக விண்ணப்பம் வாங்குகின்றன. அது ஆகஸ்ட் 1-ல் திறக்கும். போட்டி அதிகமுள்ள கல்லூரிகள் பல, பாட ஆசிரியர் இருவரின் கடிதமும் பள்ளி ஆலோசகர் ஒருவரின் கடிதமும் கேட்கும். ஆலோசகர் என்று தனியாக யாரும் இல்லாத நம் பள்ளிகளில் அதைத் தலைமை ஆசிரியர் எழுதலாம். எம்.ஐ.டி.க்குத் தனித் தளம். அங்கே ஓர் ஆசிரியர் கணிதம் அல்லது அறிவியல், இன்னொருவர் மொழி, வரலாறு போன்ற பாடம் எடுத்தவராக இருக்க வேண்டும். பொதுவாகவே 11, 12-ம் வகுப்பில் பாடம் நடத்தியவர்களைத்தான் விரும்புகிறார்கள். இங்கிலாந்து என்றால் யூகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக ஒரே ஒரு பரிந்துரைதான், உறவினர் அதை எழுதக் கூடாது. சென்னையில் இருக்கும், அமெரிக்க அரசின் எஜுகேஷன் யுஎஸ்ஏ மையம் இதையெல்லாம் இலவசமாக இணையத்திலேயே விளக்குகிறது. பணம் கொடுத்து ஏஜென்டிடம் போக வேண்டியதில்லை.

சரி, யாரைக் கேட்பது?

மகள் முதலில் சொன்னது இயற்பியல் ஆசிரியரை. அதில்தான் அவளுக்கு 98. நல்ல ஆசிரியர், நன்றாக நடத்துவார். நான் போய்ப் பேசினேன். அவர் மதிப்பெண் பதிவேட்டை எடுத்துப் புரட்டி, "மார்க் நல்லா இருக்கேம்மா, கண்டிப்பா எழுதித் தர்றேன்" என்றார். அவள் வகுப்பில் எப்படி என்று கேட்டேன். "அமைதியான பிள்ளை" என்றார். அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வகுப்பில் 60 பேரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையையும் எப்படித் தெரிந்துவைத்திருக்க முடியும்? ஆனால் 98 என்பது மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கிறது. அதையே மறுபடி சொல்கிற கடிதத்தால் என்ன பயன்?

அப்போதுதான் ஒரு சோதனை எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். பிள்ளையின் மார்க்கைச் சொல்லாமல் அந்த ஆசிரியரால் அவளைப் பற்றி ஐந்து நிமிடம் பேச முடிகிறதா என்று பாருங்கள். சோதிக்கிறோம் என்று காட்ட வேண்டாம். சும்மா நலம் விசாரிக்கிற மாதிரி பேச்சைத் தொடங்கிவிட்டு நாம் வாயை மூடிக்கொண்டால் போதும்.

கணக்கு ஆசிரியரிடம் அப்படிப் பேசினேன். காலாண்டுத் தேர்வில் அவர் பாடத்தில் மகள் வாங்கியது 81. அவரிடம் கேட்கவே அவளுக்குக் கூச்சம். ஆனால் நான் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பாசி நோட்டை இன்னும் எழுதுறாளாம்மா?" என்பது.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மாமியார் மாதிரி பெண்கள் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிச் சில நாட்கள்தான் பாசிக்குப் போவார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துப் பாறையிலிருந்து பிடுங்க வேண்டும். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்று தனித்தனியாகக் காயவைத்து வியாபாரியிடம் போட்டால், ஈரம், மணல் என்று எடையில் கழிவு பிடிப்பார். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மகள் அப்பத்தாவின் பாசியை வீட்டுத் தராசில் நிறுத்து ஒரு நோட்டில் எழுதிவந்தாள். ஒரு பக்கம் வீட்டு எடை, எதிர்ப்பக்கம் வியாபாரி சொன்ன எடை. பதினோராம் வகுப்பில் ஒருநாள் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டிருக்கிறாள். ஆசிரியர் அதை வாங்கிப் பார்த்திருக்கிறார். திட்டவில்லை. "பத்தாம் வகுப்புல திட்ட விலக்கம் படிச்சியே, அதை இதுல போட்டுப் பாரு" என்றிருக்கிறார்.

எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று காட்டுகிற கணக்கு அது. அவள் போட்டுப் பார்த்தாள். இரண்டு முறை தப்பாகப் போட்டு, அவர் திருத்திவிட்டு, மூன்றாம் முறை சரியாக வந்தது. ஈரத்துக்காகத்தான் கழிவு என்றால் மழை மாதங்களில் கூடவும் கோடையில் குறையவும் வேண்டும். கழிவு வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. வியாபாரி அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் எங்கள் தெருப் பெண்கள் அதிலிருந்து தங்கள் தராசில் நிறுத்து, எழுதிவைத்துக்கொண்டுதான் பாசியைப் போடுகிறார்கள்.

இத்தனையும் அவர் முன்னால் நடந்தது. 81 மார்க் எதனால் வந்தது என்றும் அவருக்குத் தெரியும். அவசரப்பட்டுப் படிகளை விட்டுவிடுவாள், சொன்னால் திருத்திக்கொள்வாள் என்றார். குறையையும் அறிந்த ஒருவர் நிறையைச் சொன்னால்தான் படிக்கிறவருக்கு நம்பிக்கை வரும் என்று நினைக்கிறேன். அவரையே கேட்டோம்.

இரண்டாவது, தமிழம்மா. இதற்கு வீட்டில் எதிர்ப்பு வந்தது. "அமெரிக்காவுக்குத் தமிழ் டீச்சர் என்னத்த எழுதுறது, இங்கிலீஷ் டீச்சரைக் கேளு" என்றார் அண்ணன். ஆனால் மகள் மேடையில் பேச நடுங்கியது, ஒரு பேச்சுப் போட்டியில் பாதியில் நின்று அழுதுகொண்டு இறங்கியது, மறு வருஷம் அதே மேடையில் ஏறிப் பேசியது, மூன்றையும் பார்த்தவர் தமிழம்மாதான். அவரும் "எனக்கு இங்கிலீஷ்ல அவ்வளவா எழுத வராதே" என்று தயங்கினார். கடிதத்தைத் தமிழில் எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்பைச் சேர்த்து அனுப்பலாம் என்று விசாரித்துச் சொன்னோம். அவர் கைப்பட இரண்டு பக்கம் எழுதினார். பள்ளியின் ஆங்கில ஆசிரியர் மொழிபெயர்த்துக் கையெழுத்திட்டார். இரண்டையும் சேர்த்தே பதிவேற்றினார்கள். அரைகுறை ஆங்கிலத்தில் பொதுவாக நாலு வரி எழுதுவதைவிட, தனக்கு வருகிற மொழியில் உள்ளதை எழுதுவது எவ்வளவோ மேல்.

டியூஷன் சாரையும் யோசித்தோம். மகளை நன்றாகத் தெரிந்தவர்தான். ஆனால் பள்ளிப் பாட ஆசிரியரின் இடத்தில் அவரை வைக்க முடியாது. பங்குச்சாமியாரிடம் மாமியாருக்காகப் போனேன். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நான் எழுதினா அது கோயில் சான்றிதழ் மாதிரி ஆயிடும்மா, பாடம் நடத்துனவங்களைக் கேளுங்க" என்று அவரே சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்கு அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

தலைமை ஆசிரியரின் கடிதம் வேறு வகை. அதில் பள்ளியைப் பற்றியும் சூழ்நிலையைப் பற்றியும் சொல்ல இடம் இருக்கிறது. அவருக்கு நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் அவள் அப்பாவின் வருமானம் நின்றுபோகும். ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறப்பது அந்த நாட்களில்தான். விடியற்காலையில் மாமியார் பாசிக்குப் போனால் தம்பிக்குச் சமைத்துப் பள்ளிக்கு அனுப்புவது அவள் வேலை. பரிதாபம் தேடி இதை எழுதவில்லை. எங்கள் கடற்கரையைப் பார்க்காத ஒருவர் அவளுடைய மார்க்கை எந்த நிலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தெரிய வேண்டுமே. அது பாட ஆசிரியர் சொல்வதைவிடப் பள்ளியின் தலைவர் சொன்னால்தான் பொருத்தம்.

கேட்கிற விதத்தைப் பற்றி ஒன்று. நாம் போய் நின்றால் ஆசிரியர்கள் முடியாது என்று சொல்ல மாட்டார்கள், மரியாதைக்கு ஒத்துக்கொள்வார்கள். அப்படி ஒத்துக்கொண்டவர் கடைசியில் நாலு வரிதான் தருவார். அதனால் மறுக்க ஒரு வழி விட்டுத்தான் கேட்டோம். "சார், இவளைப் பத்தி எழுதுற அளவுக்குத் தெரியும்னு நீங்க நினைச்சா, நேரமும் இருந்தா எழுதிக் குடுங்க. இல்லைன்னாலும் பரவால்ல சார், நாங்க தப்பா நினைக்க மாட்டோம்." இயற்பியல் ஆசிரியரிடமும் மகளே போய், வேறு இருவரைக் கேட்டிருப்பதைச் சொல்லிவிட்டு வந்தாள். அவர் வருத்தப்படவில்லை.

"நீயே எழுதிட்டு வாம்மா, நான் கையெழுத்துப் போடுறேன்" என்பது நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் வழக்கமாகிப்போன ஒன்று. தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். அது பொய். தெரிந்தால் விண்ணப்பமே போய்விடும். அதோடு, பிள்ளை தன்னைப் பற்றித் தானே எழுதினால் தமிழம்மா பார்த்த அந்த மேடை அதில் வரவே வராது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு பக்க நினைவுக் குறிப்பு மட்டும் கொடுத்தோம். அந்தந்த ஆசிரியர் நேரில் பார்த்தது மட்டும்தான் அவரவர் தாளில் இருந்தது. எந்த வகுப்பு, எந்த மாதம், என்ன நடந்தது, எந்தக் கல்லூரிகள், எந்தத் தேதிக்குள் என்று. கணக்கு ஆசிரியர் அந்தத் தாள் போதாது என்று பாசி நோட்டையே வாங்கி வைத்துக்கொண்டார்.

விண்ணப்பத்தில் ஓர் இடத்தில், கடிதங்களைப் பின்னாளில் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று மாணவியிடம் கேட்கும். ஃபெர்பா என்ற 1974-ம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் தருகிற உரிமை அது. விட்டுக்கொடுத்தால் ஆசிரியர் மனம்விட்டு எழுதியிருப்பார் என்று கல்லூரி நம்பும். மகள் விட்டுக்கொடுத்தாள். அதனால் அந்தக் கடிதங்களில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்டதும் இல்லை. படிவத்தில் சராசரிக்கும் கீழே என்பதில் தொடங்கி, 'என் பணிக்காலத்தில் பார்த்த மிகச் சிலரில் ஒருவர்' என்பது வரை மதிப்பிட வேண்டிய கட்டமும் உண்டு. கணக்கு ஆசிரியர் போனில், "எல்லாத்துலயும் மேலேயே போடட்டுமாம்மா?" என்று கேட்டார். உள்ளபடி போடுங்கள் சார், தெரியாததற்குத் தெரியாது என்று குறிக்கவும் இடம் இருக்கிறது என்றேன்.

நாங்கள் செய்த பெரிய தப்பு காலதாமதம். லெட்டர்பேடு தேடி அலைந்ததில் ஆசிரியர்களைக் கேட்கவே அக்டோபர் கடைசி ஆகிவிட்டது. ஜனவரி முதல் வாரத்தில் பல கல்லூரிகளுக்குக் கடைசி நாள். இடையில் எங்கள் பக்கத்தில் மழைக்காலம். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினால் பள்ளிக்கு விடுமுறை, கரண்ட் இருக்காது, நெட் இருக்காது. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, ஆசிரியர்களுக்கு விடைத்தாள் வேலை. காமன் ஆப் அனுப்பிய மின்னஞ்சல் தமிழம்மாவின் ஸ்பேம் பெட்டியில் 11 நாள் கிடந்தது. தலைமை ஆசிரியருக்கு ஜிமெயில் பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தது. எம்.ஐ.டி.க்கு மறுபடி தனியாகப் பதிவேற்ற வேண்டும் என்பதைக் கடைசி வாரத்தில்தான் சொன்னோம். அவர்கள் எங்களுக்காகக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பிரவுசிங் சென்டருக்கு வந்து உட்கார்ந்தார்கள். அந்தச் சிரமத்தை நாங்கள் கொடுத்திருக்கக் கூடாது. ஜூனில் பள்ளி திறந்த உடனேயே கேட்டுவிடுங்கள். மின்னஞ்சல் போன அன்றே அவர்கள் பக்கத்தில் இருந்து திறக்க உதவுங்கள். அதற்கு மேல் கடிதத்தை எட்டிப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று மனதில் கிடக்கிறது. எங்கள் தெருப் பெண்கள் சங்கத்துத் தலைவி ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். நோட்டை வைத்து வியாபாரியிடம் பேசப் போன அன்று மகளைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டவர் அவர்தான். ஆசிரியர் அல்லாத ஒருவரும் எழுத சில கல்லூரிகள் இடம் தருகின்றன. அவர் சொல்லச் சொல்ல வேறு ஒருவர் எழுதி, மொழிபெயர்த்து அனுப்பியிருக்கலாம். படிக்காதவர் என்று நானே அவரை விட்டுவிட்டேன். அவரைவிடப் பக்கத்தில் நின்றவர் யார் இருக்கிறார்கள்?

ஏழு கல்லூரிகளுக்குப் போட்டோம். ஐந்து மறுத்தன. ஒன்று காத்திருப்புப் பட்டியலில் வைத்தது. ஒன்று, அதிகம் பேர் கேள்விப்படாத சின்னக் கல்லூரி, முழு உதவியோடு சேர்த்துக்கொண்டது. கடிதத்தால்தான் கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். மார்க், கட்டுரை, எல்லாம் சேர்ந்துதான்.

தகவல் வந்ததும் முதலில் எழுதியவர்களிடம் சொல்ல வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருந்தாள். தமிழம்மாவையும் தலைமை ஆசிரியரையும் மறுநாளே பார்த்தோம். கணக்கு ஆசிரியருக்கு அதற்குள் மாறுதலாகி, திருவாடானைப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போயிருந்தார். மாறுதலாகிப் போனவரும் கடிதம் எழுதலாம், நமக்கு எடுத்த பாடம் எடுத்ததுதான், இதையும் பலர் கேட்பதால் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனோம். அவர் காபி கொடுத்து, எந்த ஊர், குளிர் எப்படி என்றெல்லாம் விசாரித்துவிட்டு உள்ளே போய்ப் பாசி நோட்டை எடுத்துவந்தார். பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார். மகள் அதைப் பஸ்ஸிலேயே பிரித்து, அப்பத்தா முந்தின வாரம் போட்ட எடையைக் கேட்டு எழுதினாள்.